ஸ்டெர்ன்டிரைவில் நீர்க்கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சின் படகுக்குள்ளும், அதன் சக்தியைப் புரொபெல்லருக்குக் கொண்டு செல்லும் கியர் பெட்டி படகுக்கு வெளியிலும் இருக்கும் அமைப்பையே ஸ்டெர்ன்டிரைவ் என்கிறோம். வால்வோ பென்டா 1959இல் அக்வாமாட்டிக்கையும், அதைத் தொடர்ந்து 1961இல் மெர்குரூசர் தன் டிரைவையும் சந்தைக்குக் கொண்டு வந்தன. அன்று முதல் இன்றுவரை இந்த அமைப்பின் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. படகின் பின்பலகையில், நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும் ஒரு பெரிய துளையை வெட்டி, அந்தத் துளையை ரப்பரைக் கொண்டு அடைத்து வைத்திருக்கிறோம். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்த ரப்பரைப் பற்றியவையே.

ஸ்டெர்ன்டிரைவில் "தண்ணீர் கசிகிறது" என்றால் சரியாக என்ன பொருள்?

இரண்டு வெவ்வேறு கோளாறுகளை ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒன்று, வெளியிலுள்ள தண்ணீர் பின்பலகையைத் தாண்டிப் படகின் அடிப்பகுதிக்குள், அதாவது பில்ஜுக்குள், வந்து சேர்வது. மற்றொன்று, டிரைவின் கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து கியர் ஆயிலோடு கலப்பது. முதலாவது படகை மூழ்கடிக்கும். இரண்டாவது டிரைவை அழிக்கும். ஒன்றின் அறிகுறியைப் பார்த்து மற்றொன்றுக்கு வைத்தியம் செய்வது நடக்கக்கூடிய தவறு. கியர் ஆயில் பால் நிறமானதற்காகப் பெல்லோஸை, அதாவது பின்பலகைத் துளையை அடைக்கும் மடிப்பு ரப்பர் குழாயை, மாற்றுவதில் எந்தப் பயனும் இல்லை. எனவே எது கசிகிறது என்பதை முதலில் பிரித்துக் கொள்ள வேண்டும்.

பில்ஜில் தண்ணீர் சேர்கிறது. அது டிரைவ் வழியாகத்தான் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது?

வேறு வழிகளை ஒவ்வொன்றாக விலக்கித்தான் உறுதி செய்ய வேண்டும். மழைநீர், குடிநீர்த் தொட்டியின் குழாய், என்ஜின் குளிர்விப்பு ஹோஸ், பில்ஜ் வடிகால் அடைப்பான் ஆகிய நான்கும் டிரைவின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக் கொள்ளும். கடலில் நிற்கும் படகு என்றால், பில்ஜ் நீர் உப்புநீரா நன்னீரா என்று பார்த்தாலே மழைநீரும் தொட்டி நீரும் விலகிவிடும். நீரில் பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால், அது மூடிய குளிர்விப்பு அமைப்பின் கூலண்டாக இருக்கலாம்.

வடிகால் அடைப்பானைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு படகில் யூ-ஜாயிண்ட், ஷிஃப்ட் கேபிள், எக்ஸாஸ்ட் என மூன்று பெல்லோஸையும் மாற்றி, இரண்டு நாள் உழைப்பைச் செலவழித்த பிறகும் அதே அளவு தண்ணீர் வந்து கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால், வடிகால் அடைப்பானைப் பிடித்திருக்கும் பித்தளைத் தட்டின் ஒரு திருகாணி பலகையில் பிடிப்பில்லாமல் சுழன்று கொண்டிருந்தது. அந்த நாளுக்குப் பிறகு, டிரைவைத் தொடுவதற்கு முன் அந்தத் தட்டை விரலால் அசைத்துப் பார்க்காமல் நான் எந்த வேலையையும் தொடங்கியதில்லை.

தானியங்கி பில்ஜ் பம்ப் இருக்கும் படகுகளில் கசிவு பல மாதங்கள் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். பம்ப் எத்தனை நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடுகிறது என்று ஒரு மணி நேரம் கூடவே அமர்ந்து குறித்துக் கொள்ளுங்கள். பழுது பார்த்த பின் அதே கணக்கை மீண்டும் எடுத்தால்தான் வேலை பலித்ததா என்று தெரியும்.

எப்போது கசிகிறது என்பதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். சொல்லப்போனால், கருவிகள் எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய சிறந்த பரிசோதனை இதுதான். பில்ஜை முழுவதும் இறைத்து, துணியால் துடைத்து, பின்பலகையின் உட்புறத்தைத் தூசு தட்டிய பின், உலர்ந்த காகிதத் துண்டுகளையோ டால்கம் பவுடரையோ சந்தேகப்படும் இடங்களுக்குக் கீழே பரப்பி வையுங்கள். தண்ணீர் வந்த பாதை பவுடரில் கோடாகத் தெரியும்.

என்ஜின் ஓடாமல் படகு சும்மா நிற்கும்போதே கசிந்தால், யூ-ஜாயிண்ட் பெல்லோஸ், ஷிஃப்ட் கேபிள் பெல்லோஸ், பின்பலகையில் டிரைவின் வெளித்தட்டு அமரும் சீல் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். டிரைவை முழுவதும் உயர்த்தினால் அதிகரித்து, இறக்கினால் குறையும் கசிவு, ரப்பர் மடிப்பில் உள்ள வெடிப்பு விரிந்து சுருங்குவதையே பெரும்பாலும் காட்டுகிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பும்போது மட்டும் கசிவதும் அப்படியே.

என்ஜின் ஓடும்போது மட்டும், படகு நகராவிட்டாலும் கசிந்தால், அது உறிஞ்சப்பட்டோ அழுத்தப்பட்டோ வரும் குளிர்விப்பு நீர். கடல்நீர் பம்ப், அதன் ஹோஸ் கிளாம்புகள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ரைசர் (எக்ஸாஸ்ட் வழியை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தும் குழாய்) இணைப்பு ஆகியவற்றைக் கையில் விளக்கோடு பாருங்கள். படகு வேகமாகச் செல்லும்போதோ பின்னோக்கிச் செல்லும்போதோ மட்டும் வரும் தண்ணீர், வழக்கமான நீர்மட்டத்துக்கு மேலே உள்ள இடங்களிலிருந்து வரக்கூடும். ஸ்டியரிங் சுழல் தண்டின் சீல் இந்த வகையைச் சேர்ந்தது.

படகை டிரெய்லரில் ஏற்றிய பிறகு கசிவைத் தேடுவது எப்படி?

தலைகீழாகச் சோதிக்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வரும் நீர், அதே வழியாக உள்ளிருந்து வெளியேயும் போகும். வடிகாலை அடைத்துவிட்டு, பில்ஜுக்குள் தோட்டக் குழாயால் மெதுவாக நீர் விட்டு, வெளியே பின்பலகையில் எங்கே முதல் துளி தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும். உணவு நிறமி சிறிது கலந்தால் துளியை எளிதில் அடையாளம் காணலாம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். ஸ்டார்ட்டர் மோட்டாரும் மின் இணைப்புகளும் நனையும் மட்டத்துக்கு நீரை ஏற்றக் கூடாது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை கொண்டது என்பதையும் மறக்கக் கூடாது. இருநூறு லிட்டர் என்பது டிரெய்லருக்குத் திடீரென்று கூடும் இருநூறு கிலோ. மேலும், உள்ளிருந்து வரும் அழுத்தம் சில வெடிப்புகளை மூடிவிடக்கூடும் என்பதால், இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகப் பெல்லோஸுக்கு நற்சான்று கொடுத்துவிட வேண்டாம்.

யூ-ஜாயிண்ட் பெல்லோஸ் கெட்டிருக்கிறது என்பதை எப்படி அறிவது?

பெல்லோஸ் என்பது கொல்லன் துருத்தியைப் போல மடிந்து விரியும் ரப்பர் குழாய். என்ஜினையும் டிரைவையும் இணைக்கும் யூ-ஜாயிண்ட் இதற்குள்தான் சுழல்கிறது. டிரைவ் மேலும் கீழும் இடமும் வலமும் அசையும்போதெல்லாம் இந்த ரப்பர் மடிந்து கொடுக்கிறது.

டிரைவை முழுவதும் உயர்த்தி, கீழிறங்காதபடி முட்டுக் கொடுத்துவிட்டு, விளக்கைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடியுங்கள். முகடுகளைப் பார்ப்பதால் பயனில்லை. வெடிப்பு தொடங்குவது பள்ளங்களில்தான். விரல்களால் மடிப்பைப் பிரித்துப் பார்த்தால், தொடக்கத்தில் தலைமுடி போன்ற மெல்லிய கோடுகள் வளையமாக ஓடுவது தெரியும். நகத்தை அதில் வைத்தால் சிக்கினால், அந்தப் பெல்லோஸின் ஆயுள் முடிந்துவிட்டது என்று எடுத்துக் கொள்ளலாம். நீரில் நின்ற படகுகளில் சிப்பிகள் மடிப்புக்குள் வளர்ந்து, டிரைவ் அசையும்போது கத்தி போல அறுத்திருக்கும். நீரெலிகள் கடித்த பெல்லோஸ்களும் உண்டு. இது கட்டுக்கதை போலத் தோன்றினாலும், பல் தடத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

காதும் உதவும். பெல்லோஸுக்குள் நீர் புகுந்தால், அது முதலில் அடையும் இடம், டிரைவின் தண்டைத் தாங்கும் ஜிம்பல் பேரிங். அதன் கிரீஸ் கரைந்து துருப்பிடித்ததும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பின்பக்கத்திலிருந்து உறுமல் போன்ற ஓசை வரத் தொடங்கும். அந்த நேரத்தில் பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பெல்லோஸை விட்டுவிடுபவர், அடுத்த பருவத்தில் மீண்டும் பேரிங் வாங்க வேண்டியிருக்கும்.

சிறிய வெடிப்புதானே, பசை தடவிச் சமாளிக்க முடியாதா?

முடியாது. ஒவ்வொரு அசைவிலும் மடியும் ரப்பரின் மேல் எந்தப் பசையும் நிலைக்காது. கணக்கைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள துளை வழியாக, ஓட்டத்தில் ஏற்படும் இழப்புகளைக் கழித்த பிறகும் நிமிடத்துக்கு ஏறத்தாழ எட்டு முதல் ஒன்பது லிட்டர் நீர் உள்ளே வரும். மணிக்கு ஐந்நூறு லிட்டருக்கு மேல். கட்டைவிரல் நகத்தின் அளவே உள்ள கிழிசல் அது. பேட்டரி தீரும்வரை பில்ஜ் பம்ப் சமாளிக்கும். பிறகு யாரும் இல்லாத இரவில் படகு பின்பக்கமாகத் தாழத் தொடங்கும்.

மற்ற இரண்டு பெல்லோஸ்களும் இதே அளவுக்கு ஆபத்தானவையா?

ஷிஃப்ட் கேபிள் பெல்லோஸ் அப்படித்தான். விரல் தடிமனே உள்ள அந்தச் சிறு உறை கிழிந்தால், கியர் மாற்றும் கேபிளை ஒட்டியே நீர் நேராகப் படகுக்குள் வந்துவிடும். சிறியது என்பதால் அதைப் பார்க்காமல் விடுபவர்கள் அதிகம்.

எக்ஸாஸ்ட் பெல்லோஸ் வேறு வகை. எக்ஸாஸ்ட் வழி ஏற்கெனவே வெளிநீருக்குத் திறந்தே இருப்பதாலும், ரைசர்கள் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்பதாலும், அது கிழிந்தால் படகு மூழ்காது. ஓசை கூடும், வெப்பமான வாயு பக்கத்திலுள்ள யூ-ஜாயிண்ட் பெல்லோஸைத் தாக்கக்கூடும். ஆனால் உட்புறத்தில் எக்ஸாஸ்ட் ஒய்-குழாய் பின்பலகைத் தட்டோடு சேரும் இடத்தில் உள்ள சீல் கசிந்தால், அது படகுக்குள்தான் வரும்.

பெல்லோஸை மாற்றும் வேலை எப்படி நடைபெறும்?

உங்கள் மாதிரிக்கான சர்வீஸ் கையேடு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கீழே சொல்வது வேலையின் போக்கை மட்டுமே. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். அடுத்து டிரைவ் கழற்றப்படுகிறது. மெர்குரூசரின் ஆல்ஃபா மாதிரியை முன்கியரிலும், பிராவோ மாதிரியை நியூட்ரலிலும் வைத்தே கழற்ற வேண்டும் என்பது தவறவிடக் கூடாத வேறுபாடு. டிரைவை ஏற்றி இறக்கும் டிரிம் சிலிண்டர்களின் பின்முனைகளைப் பிரித்து, டிரைவைத் தாங்கியில் நிறுத்தி, ஆறு நட்டுகளை எடுத்து, நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். தனியாளாகக் கைகளால் தாங்கிக் கழற்றும் எடை அல்ல அது. இடுப்பையும் கால்விரலையும் நினைத்துத் தூக்கி ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

டிரைவ் வந்த பிறகு, அது மாட்டப்பட்டிருந்த கூடான பெல்-ஹவுசிங்கைக் கழற்ற, அதன் இரு பக்கக் கீல்முளைகளை எடுக்க வேண்டும். இவை பிடித்துக் கொண்டிருக்கும். சரியான அளவுள்ள கருவியும் பொறுமையான வெப்பமும்தான் வழி. அரைகுறையான கருவியால் முளையின் அறுகோணத்தை வழுக்கவிட்டால், ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகும்.

உண்மையான வேலை இனிமேல்தான். பழைய ரப்பர் உட்கார்ந்திருந்த அலுமினிய விளிம்பை உற்றுப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக அரிப்பு படிந்திருக்கும். அதைச் சுரண்டி, பழைய பசை முழுவதையும் கரைத்து எடுத்து, விளிம்பை விரலால் தடவினால் வழவழப்பாக இருக்கும்வரை சுத்தம் செய்ய வேண்டும். பெல்லோஸ் பசை வேண்டிய முனைகளில் மட்டும், கையேடு சொல்லும் நேரம் உலரவிட்டுப் பொருத்த வேண்டும். அந்த முனைகளில் கிரீஸ் படவே கூடாது. ரப்பரின் உட்புற மேடு விளிம்பின் பள்ளத்தில் முழு வட்டமும் விழுந்திருக்கிறதா என்று, கண்ணால் தெரியாத மேல்பகுதியில் விரலால் தடவி உறுதி செய்த பிறகே கிளாம்பை முடுக்க வேண்டும். கிளாம்பின் திருகாணித் தலை, டிரைவ் அசையும்போது எதிலும் உரசாத நிலையில் இருக்க வேண்டும்.

இத்தனை தூரம் பிரித்த பிறகு, மூன்று பெல்லோஸையும், அவற்றுக்கு அருகே செல்லும் நீர் ஹோஸையும், ஜிம்பல் பேரிங்கையும் சேர்த்தே பரிசீலிப்பதுதான் முறை. பாகங்களைவிட உழைப்பே விலை அதிகம்.

டிரைவைத் திரும்ப மாட்டும்போது அலைன்மென்ட் ஏன் பார்க்க வேண்டும்?

என்ஜின் தாங்கிகள் தாழ்ந்திருந்தால், டிரைவின் தண்டு ஜிம்பல் பேரிங்கைச் சாய்வாகக் கடந்து, என்ஜின் கப்ளரின் பற்களைத் தின்றுவிடும். நேர்க்கோட்டைச் சோதிக்கச் செருகும் உலோகத் தண்டான அலைன்மென்ட் பார் இரண்டு விரல் பிடியில் தடையின்றி உள்ளே சென்று வெளியே வர வேண்டும். பற்களில் கிரீஸ் தடவிச் செருகி எடுத்தால், கிரீஸில் விழும் தடம் சுற்றிலும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். மேலேயோ கீழேயோ மட்டும் அழுத்தமாக விழுந்திருந்தால் என்ஜினின் முன்தாங்கியைச் சரிசெய்ய வேண்டும். பிறகு புதிய கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் வைத்து, நட்டுகளை டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும்; மெர்குரூசரில் இந்த ஆறு நட்டுகளுக்கான அளவு 68 நியூட்டன் மீட்டர்.

எல்லாப் பெல்லோஸையும் மாற்றிவிட்டேன், இன்னமும் கசிகிறது. ஏன்?

மூன்று இடங்கள் மிச்சம் இருக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன அலுமினிய விளிம்பு. அரிப்பில் குழி விழுந்த விளிம்பின் மேல் எந்தப் புதுப் பெல்லோஸும் அடைத்து நிற்காது. இரண்டு, ஸ்டியரிங் சுழல் தண்டு. உட்புறத்தில் ஸ்டியரிங் நெம்புகோலின் மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து துருவின் கோடு இறங்கியிருந்தால், தண்டின் புஷ்ஷும் சீலும் தேய்ந்துவிட்டன. டிரைவின் பின்முனையைக் கையால் இடவலமாக அசைத்தால், ஸ்டியரிங் அசையாமலே டிரைவ் ஆடுவதும் அதன் அடையாளம்.

மூன்றாவது, பின்பலகையே. வெளித்தட்டுக்கும் பலகைக்கும் இடையிலுள்ள சீல் வழியாகவோ, தளர்ந்த போல்ட்டுகள் வழியாகவோ நீர் புகுந்து, கண்ணாடியிழைக்கு உள்ளே இருக்கும் மரத்தை ஊறவைத்திருக்கும். சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். உறுதியான பலகை கணீரென்று ஒலிக்கும், ஊறிய பலகை மொத்தென்று ஒலிக்கும். போல்ட்டை முடுக்க முடுக்கத் தட்டு உள்ளே அமுங்கிக்கொண்டே போனால், அங்கே நிறுத்திவிடுங்கள். அது சீல் பிரச்சினை அல்ல, பலகையைப் புதுப்பிக்க வேண்டிய பிரச்சினை.

கியர் ஆயில் பால் போல இருக்கிறது. எங்கிருந்து நீர் வருகிறது?

முதலில், நீர் உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். படகை ஓர் இரவு அசையாமல் நிறுத்தி, காலையில் கீழ் வடிகால் திருகாணியைச் சற்றே தளர்த்தினால், ஆயிலைவிட அடர்த்தியான நீர் அடியில் தங்கியிருப்பதால் முதலில் வெளியே வரும். ஆயிலோடு கலந்துவிட்ட நீர் பிரியாமல் பால்காப்பி நிறத்திலேயே வரும். காந்தம் பொருத்திய திருகாணியில் மெல்லிய சாம்பல் பசை இருப்பது இயல்பு. சிலும்புகள் இருந்தால் கியர்களும் பேரிங்குகளும் பாதிக்கப்பட்டுவிட்டன.

காரணங்களில் மலிவானது, வடிகால் மற்றும் காற்றுத் திருகாணிகளின் சீல் வாஷர்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் புது வாஷர் போடாமல் விடுவதன் விலை இது. அடுத்தது புரொபெல்லர் ஷாஃப்ட் சீல். புரொபெல்லருக்குப் பின்னால் சுற்றிக் கொண்ட மீன்பிடி நரம்பு சீலின் உதட்டை அறுத்துவிடும். புரொபெல்லரைக் கழற்றினால் அந்த நரம்பு, கறுத்த வளையமாகத் தண்டில் இறுகியிருப்பதைக் காணலாம். ஷிஃப்ட் ஷாஃப்ட் சீல், பேரிங் தாங்கியின் ஓ-ரிங், டிரைவுக்குள்ளேயே நீர்ப் பம்ப் இருக்கும் மாதிரிகளில் பம்ப் அடித்தட்டின் சீல் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

ஆயில் குறைகிறது, ஆனால் நீர் கலக்கவில்லை, வெளியேயும் எண்ணெய்ப் படலம் இல்லை என்றால், யூ-ஜாயிண்ட் பெல்லோஸுக்குள் பாருங்கள். மேல் கியர் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டு சீல் போனால் ஆயில் அங்கேதான் தேங்கும்.

கியர் பெட்டியின் சீல்களைச் சோதிக்கும் பிரஷர் டெஸ்ட் எப்படிச் செய்வது?

ஆயிலை வடித்துவிட்டு, காற்றுத் திருகாணித் துளையில் அளவியோடு கூடிய கைப்பம்பைப் பொருத்தி, காற்றழுத்தத்தை முதலில் 3 முதல் 5 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை மட்டும் ஏற்றுங்கள். குறைந்த அழுத்தத்தில் கசியும் சீல், அதிக அழுத்தத்தில் உதடு இறுகி அடைத்துக் கொள்வதுண்டு. எடுத்த எடுப்பில் கூடுதலாக ஏற்றுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அளவி நிலைத்து நின்றால், கையேடு அனுமதிக்கும் அளவுக்கு, பொதுவாக 10 பிஎஸ்ஐயை ஒட்டி, உயர்த்திச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அப்போது தண்டுகளைக் கையால் சுழற்றி, ஷிஃப்ட் தண்டையும் அசைத்துப் பாருங்கள். சோப்புநீரைத் தூவினால் கசியும் இடத்தில் நுரைக் குமிழ் விடும். பிறகு அதே துளையில் வெற்றிடச் சோதனையும் செய்வது நல்லது. வெளியேறும் காற்றைத் தடுக்கும் உதடு வேறு, உள்ளே வரும் நீரைத் தடுக்கும் உதடு வேறு.

புரொபெல்லர் ஷாஃப்டில் ஏன் இரண்டு சீல்கள்?

ஒன்று ஆயிலை உள்ளே நிறுத்துகிறது, மற்றொன்று நீரை வெளியே நிறுத்துகிறது. ஆகவே அவற்றின் உதடுகள் எதிரெதிர்த் திசையைப் பார்க்க வேண்டும். பழையவற்றைக் கழற்றும் முன் திசையைப் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். தண்டில் சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், புது சீல் நெடுநாள் நிற்காது.

ஆயில் பால் நிறமாக இருந்தாலும் இன்றைய பயணத்தை முடித்துவிடலாமா?

கரைக்குத் திரும்பும் அளவுக்கு, மெதுவாக மட்டும். அன்றே வடித்துவிட வேண்டும். நீர் கலந்த ஆயிலை உள்ளே விட்டுப் பல மாதங்கள் நிறுத்தி வைப்பது, ஓட்டுவதைவிடக் கொடுமையானது. பேரிங்குகள் நின்ற இடத்திலேயே துருப்பிடிக்கும், உறைபனி விழும் இடங்களில் உள்ளே உறைந்த நீர் அலுமினியப் பெட்டியையே பிளந்துவிடும். புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் குமிழ் இல்லாமல் வழியும்வரை நிரப்பி, முதலில் மேல் திருகாணியையும் பிறகே கீழ்த் திருகாணியையும் போட வேண்டும்.

பழுது பார்த்த பின் சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை எவை?

கரையில் வைத்து ஓட்டினால், நீர் உறிஞ்சும் துளைகளின் மேல் ஃபிளஷ் மஃப் (தோட்டக் குழாய் நீரைத் தரும் ரப்பர் கிண்ணங்கள்) மாட்டி, நீரைத் திறந்துவிட்ட பிறகே என்ஜினை இயக்க வேண்டும். நீரில்லாமல் ஓடும் இம்பெல்லர், அதாவது நீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம், மிகக் குறுகிய நேரத்தில் கருகிவிடும். பெட்ரோல் என்ஜின் என்றால் முதலில், தேங்கிய ஆவியை வெளியேற்றும் பில்ஜ் புளோயரை ஓடவிடுங்கள். புரொபெல்லரின் அருகே யாரும் நிற்கக் கூடாது.

பெல்லோஸை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மாற்றும் இடைவெளிக்கு உங்கள் மாதிரியின் கையேடே இறுதி வார்த்தை. வெடிப்பு எதுவும் தெரியாவிட்டாலும் ஐந்து ஆண்டுகளைத் தாண்ட விடாமல் இருப்பது என் பழக்கம். நிறுத்தி வைக்கும்போது டிரைவைக் கீழே இறக்கி, நேராக வையுங்கள். உயர்த்தியபடியே மாதக்கணக்கில் நின்ற டிரைவில் ரப்பர் அதே வடிவத்தில் படிந்து, முதல் முறை இறக்கும்போது வெடிக்கும். படகை நீரிலேயே விடுபவர்கள் சிப்பி படியாமலிருக்க டிரைவை உயர்த்தி வைக்கிறார்கள். அவர்கள் பெல்லோஸைக் கூடுதலாகச் சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. டிரைவின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தாங்களே அரிபடும் உலோகத் துண்டுகளான ஆனோடுகளைப் பாதி தேய்ந்ததும் மாற்றிவிட்டால், அடுத்த முறை பெல்லோஸைக் கழற்றும்போது அந்த அலுமினிய விளிம்பு வழவழப்பாகவே இருக்கும்.